உருகியது என்னும் நிரல்

கோகிலராஜ் பெயர் தெரியாமல்தான் அனுப்பினான்.
மூன்று கடதாசிப் பொட்டலம்.
ஒன்றில் 'மஞ்சள் குடை'.
ஒன்றில் 'பசு விரும்பித் தின்னும் குடை'.
மூன்றாவதில் 'கல்லிடுக்கு' என்று மட்டும்.
சுவிஸ் மலையில் கேபிள் கார் நிலையத்துப் பனியை
வழித்துத் தள்ளுகிறவனுக்கு
அதற்குமேல் எழுத விரல் விறைத்திருக்கும்.

வாழைச்சேனைத் துறைமுகத்து ஐஸ் தொழிற்சாலையில்
நான் கணக்கெழுதுகிறேன்.
கட்டி எத்தனை, எந்தப் படகுக்கு, கடனா காசா,
கடைசி நிரலில் உருகியது எவ்வளவு.

நகைக்கடை லோகிதனிடம் கண்வில்லையை இரவல் வாங்கி
முதல் விதையைப் பார்த்தேன்.
பக்கத்தில் சமையலறைச் சீரகம் ஒன்று, ஒப்புக்கு.
அதே முதுகு. அதே ஐந்து வரம்பு,
வரம்புகளுக்கிடையில் எண்ணெய் ஓடும் இருண்ட வாய்க்கால்.
இரண்டாய்ப் பிளந்து
ஒரு கவட்டு நூலில் தொங்கும் அதே பழக்கம்.
சரி, கரட்டின் ஆட்கள்தான்.
கொத்தமல்லிக்கும் கிணற்றடி வல்லாரைக்கும்
மலையில் குடியேறிய சொந்தம்.
ருசி பார்க்கவில்லை.
இந்தக் குடும்பத்தில் நஞ்சுக்காரரும் உண்டு,
அவர்களும் இதே குடையைத்தான் பிடிப்பார்கள்.

குளிர் காணாமல் இவை கண் திறவா.
ஈர மணலில் பிசைந்து
குளிரறையில், அறுக்குளாப் பெட்டிகளுக்குப் பின்னால்,
பன்னிரண்டு கிழமை.
ஐப்பசியில் உள்ளே போனது தையில் வெளியே வந்தது.
அடியில் துளையிட்ட றெஜிபோம் மீன்பெட்டி,
பாதி கருங்கல் சல்லி, பாதி ஆற்றுமணல்.
இவற்றுக்குக் கொழுத்த மண் பிடிக்காது,
காலில் தண்ணி நின்றாலும் பிடிக்காது.
விடிய வந்ததும் ஓரத்தில் ஒரு கரண்டி ஐஸ் தூள்.

"என்னகா, புல்லுக்கும் ஐஸா?"
கட்டி தள்ளும் இம்தாத் கேட்டான்.

புல்தான் முளைத்திருந்தது.
'மஞ்சள் குடை'யில் ஒடுங்கிய முழு இலை,
கரட்டுக் கீறல் ஒன்றும் இல்லை,
நரம்பெல்லாம் நேர்நேராய்.
களையென்று இரு விரலால் பிடித்தும்விட்டேன்.
அப்போதுதான் அடியில்
வாடத் தொடங்கிய விதையிலை இரண்டைக் கண்டேன்.
புல்லுக்கு ஒன்றுதான்.
விரலை எடுத்தேன்.

இரவு தேடிப் படித்தேன்: பூப்லூரம்.
எருதின் விலா என்று பொருளாம், கிரேக்கத்தில்.
குடும்பமே இலையைக் கிழித்துக்கொண்டு திரிய
கிழிக்காமல் நிற்கும் ஒன்று.
கோகிலராஜை வீடியோவில் பிடித்து
தாய்ச்செடியைக் காட்டச் சொன்னேன்.
காற்று அவன் பேச்சில் பாதியைத் தின்றது.
வெள்ளையைத்தான் காட்டினான், திரை முழுக்க.
"இதுக்குக் கீழதான் கிடக்கு."

'பசு விரும்பித் தின்னும் குடை'
நான்கு அங்குலம் வந்தது, செலரி மணத்தோடு.
இலையை அளக்க அடிமட்டம் எடுக்கப் போன நேரத்தில்
படலை தாண்டி ஆடு வந்து முடித்துவிட்டது.
அவன் குறிப்பு சரி.
அடையாளம் காண அதுவும் ஒரு வழி.

சித்திரை கழியக் கச்சான் தொடங்கியது.
வயல்வெளி தாண்டி வந்த சூடு
துறைமுகத் தகரங்களை முறுக்கியது.
ஒரு கரண்டி இரண்டாயிற்று, ஐந்தாயிற்று.
ஈரச்சாக்கு. மேசை விசிறி.
ஏழு இலை வைத்திருந்த எருதின் விலா
ஒரு புதன்கிழமை மத்தியானம்
ஓரத்திலிருந்து வைக்கோலானது.
பின்னேரம் தொட்டேன். வேர்க்கழுத்து பிடி விட்டது.

மாத முடிவில் முதலாளி கேட்டார்:
"ஐஸ் கணக்குக் கொஞ்சம் இடிக்குதே, பிள்ள."
கடைசி நிரலைக் காட்டினேன்.
படகு எண் இருக்கவேண்டிய இடத்தில்
'மஞ்சள் குடை' என்றிருந்தது, தினமும்.
புதுப் படகென்று நினைத்தாரோ என்னவோ,
ஒப்பம் வைத்தார்.

'கல்லிடுக்கு' இன்னும் முளைக்கவில்லை.
சிலதுக்கு இரண்டு குளிர் வேண்டுமாம்.
மணலோடு திரும்பக் கட்டி
அறுக்குளாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.
பொதியின் மேல் என் கையெழுத்து:
விற்பனைக்கல்ல. கறிக்கல்ல.